வெள்ளைப் பொருக்கு

மோட்டார் நின்றுபோயிருந்தது. தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மீன் அறைக்குள் நுழைந்தபோது ஏதோ குறைகிறது என்றுதான் ஜெயசுதாவுக்கு முதலில் தோன்றியது. கண்ணாடித் தொட்டிகளில் காற்றுக் குழாய்கள் விடும் குமிழிச் சத்தம் இருந்தது, வெயில் ஏற ஏற முறுக்கிக்கொள்ளும் தகரக் கூரையின் சடசடப்பு இருந்தது, தொட்டியிலிருந்து தொட்டிக்கு இறங்கும் தண்ணீரின் ஓயாத சலசலப்பும் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு முனகல், மூலையில் நிற்கும் நீல டிரம்முக்குள் கிடக்கும் மோட்டாரின் முனகல், அதைத்தான் காணோம். பிளக்கை அழுத்திப் பார்த்தாள். கரண்ட் வந்துகொண்டிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தாள். மோட்டாரின் வாயை அடைத்துக்கொண்டு வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மேலே ஒரு காய்ந்த துரும்பு டிரம்மின் விளிம்பை ஒட்டி மெல்ல வட்டமடித்துக்கொண்டிருந்தது.

இப்போதுதான் நின்றிருக்கும், வேகம் அடங்கியதும் தண்ணீரும் நின்றுவிடும் என்று நினைத்து அவள் அடுப்படிக்குப் போனாள். உலை வைத்து, காய் அரிந்து, குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பி வந்தபோதும் துரும்பு சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டார் தண்ணீரை வலப்பக்கமாகத் தள்ளும். துரும்பு இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய கணவன் ராஜராஜன் கல்யாணத்துக்கு முன் சென்னையில் கொளத்தூர் பக்கம் ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்த்தவன். கடல் மீனை வீட்டுக்குள் வைத்துக் குஞ்சு பொரிக்கவைக்கும் வித்தை அங்கே அவனுக்குப் பிடிபட்டது. ஊர் திரும்பியதும், அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகிற சாலையில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு அறை ஒன்று கட்டி, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்களை வளர்க்க ஆரம்பித்தான். திருச்சியிலும் தஞ்சாவூரிலும் கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கடல் எங்கோ இருக்கிறது. அதனால் கடலை அவர்களே கலக்கிக்கொள்ள வேண்டும். வடிகட்டிய தண்ணீரை டிரம்மில் நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, மீன்களுக்கென்று வரும் உப்புப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைப்பார்கள். உப்பை ஒரேயடியாகக் கொட்டினாலோ, தண்ணீர் சூடேறிப்போனாலோ, கலக்கியதை நாள்கணக்கில் விட்டுவைத்தாலோ அதிலிருக்கும் சுண்ணாம்பு பிரிந்து மோட்டாரிலும் ஹீட்டரிலும் டிரம்மின் சுவரிலும் வெள்ளைப் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். வினிகரில் ஊறப்போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். வெந்நீர் வைக்கிற பாத்திரத்தில் படிவது போலத்தான். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று ஜெயசுதாவுக்குத் தெரியும். அந்த அறையில் எத்தனையோ பொருக்கை அவள் தேய்த்திருக்கிறாள்.

ஆனால் அந்த மார்கழியில் அவள் எதற்கெடுத்தாலும் பயந்துகொண்டிருந்தாள். வயிற்றில் மூன்று மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் நிற்காமல் போயிருந்தது. இருமினால் பயம், படி இறங்கினால் பயம், தூக்கத்தில் புரண்டுவிட்டால் பயம். டாக்டரம்மா கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். ராஜராஜன் குடத்தைக்கூட அவள் கையில் கொடுப்பதில்லை. மோட்டார் கழுவுவது, மீனுக்கு இரை போடுவது போன்ற சின்ன வேலைகள் மட்டும் அவளுடையவை.

தண்ணீரும் அந்த மார்கழியில்தான் மாறியிருந்தது. அவர்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர். அதை வடிகட்டியே பில்டர் அடிக்கடி பாழாகும். ராஜராஜன் ஒரு டேங்கர்காரனைப் பிடித்து, சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட குழி ஒன்றில் தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொல்லைத் தொட்டியில் ஊற்றச் செய்தான். கல்லாகிப்போன சிப்பியும் சங்கும் அந்தக் குழிகளின் ஓரங்களில் கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொறுக்கிப்போய் ஜன்னலில் வைப்பார்கள். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்பது அரியலூரில் யாருக்கும் அதிசயச் செய்தி இல்லை. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மீட்டரை அதில் விட்டுப் பார்த்த ராஜராஜன் இரண்டு முறை அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டான். முள் நகரவே இல்லை.

"வடிகட்டவே வேணாம் போலிருக்கு சுதா. அவ்வளவு சுத்தமா இருக்கு" என்றான்.

சுண்ணாம்புக் குழியில் வருஷக்கணக்கில் நின்ற தண்ணீரில் சுண்ணாம்பே இல்லாமல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டுவிட்டாள்.

நின்றுபோன மோட்டாரை அன்று மத்தியானம் வினிகரில் போட்டாள். வழக்கம்போல் நுரைத்துப் பொங்கியது, அந்தப் புளித்த நெடி அறை முழுவதும் ஏறியது. ஆனால் பொருக்கு கரையவில்லை. ஒரே துண்டாகக் கழன்று வந்தது. கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு கிண்ணம் போல வளைந்திருந்தது. வெளிப்பக்கம் சொரசொரப்பு. உள்பக்கத்தை விரலால் தடவியவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். சங்கின் உள்பக்கம் போல வழவழவென்று, இளஞ்சிவப்பாக மினுங்கியது. மோட்டார்மேல் படிந்தது என்றால் உள்ளே மோட்டாரின் மூலையும் திருகாணித் தலையும் அச்சாக இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. உருண்டையாக எதுவோ அதற்குள் படுத்திருந்த மாதிரி இருந்தது.

ராஜராஜனிடம் காட்டினாள். உப்பு ஒரே இடத்தில் விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அவன் மீன் பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கப் போய்விட்டான்.

அதன்பிறகு ஒவ்வொரு கலக்கலிலும் அது வந்தது. ஹீட்டர் கம்பியில், குழாயின் வளைவில், டிரம்முக்குள் தொங்கிய வெப்பமானியின் அடியில் என்று இடம் மாறி மாறி வந்தது. காலையில் கலக்கினால் சாயங்காலத்துக்குள் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே துண்டாகக் கழலும், ஒவ்வொரு முறையும் உள்ளே வெறும் வழவழப்பு. அவள் எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டே வந்தாள். தை பிறந்து, ஒரு நாள் வெயில் ஜன்னல் வழியே சாய்வாக விழுந்தபோது அவற்றை வரிசையாகப் பார்த்தாள். புளியங்கொட்டை அளவு. நெல்லிக்காய் அளவு. கடைசியாக வந்தது ஒரு குழந்தையின் மூடிய கை அளவு. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், மேல்பக்கம், ஓரம் உடைந்திருந்தது. உள்ளே இருந்தது வளர வளர, இடம் போதாமல் ஒவ்வொன்றையும் உடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போயிருக்கிறது. அதற்கு ஒன்றும் சரிப்பட்டு வரவில்லை.

அவள் அவற்றை முந்தானையில் வாரிக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே எறிந்தாள். கை கழுவப் போனவள், அதற்குப் பதிலாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்த வாரம் மீன் முட்டைகள் செத்தன. முட்டையிட வைத்திருந்த பூந்தொட்டி ஓட்டில் ஜோடி மீன்கள் ஒட்டிவைத்திருந்த ஆரஞ்சு முட்டைகள் பொரிக்க ஒரு நாள் இருக்கும்போது வெளுத்துவிட்டன. ஆண் மீன் அப்போதும் அவற்றின் மேல் வாலை ஆட்டி ஆட்டித் தண்ணீரை விசிறிக்கொண்டிருந்தது. ராஜராஜன் நகத்தால் சுரண்டியபோது அவை மணல் போல உதிர்ந்தன. ஒன்றை அவன் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினான். நசுங்கவில்லை. தண்ணீரை மாற்றச் சொல்லி அவள் அன்றுதான் வாய்விட்டுக் கேட்டாள். டேங்கர் தண்ணீர் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, தீர்ந்ததும் மாற்றிவிடலாம் என்றான்.

மாசியில் ஒரு மத்தியானம் கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. ராஜராஜன் தஞ்சாவூருக்குப் போயிருந்தான். மின்விசிறி, மோட்டார், காற்றுக் குழாய் எல்லாம் ஒன்றாக அடங்கியபின் அந்த அறையில் எழுந்த அமைதி அவளுக்குப் பழக்கமில்லாதது. வெளியே சாலையில் ஒரு லாரி போகிற சத்தமும் தகரத்தின் மேல் காக்கை நடக்கிற சத்தமும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கிக் கேட்டன. கரண்ட் திரும்பி வரும்போது ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே இருந்தால் வெடித்துவிடும், உள்ளே சரிந்து கிடந்தால் டிரம் உருகிவிடும். அது சரியாக நிற்கிறதா என்று பார்க்கக் குனிந்தாள். ஹீட்டர் அடியில் சாய்ந்து கிடந்தது. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, தோள்வரை கையை உள்ளே விட்டாள். எட்டவில்லை. இன்னும் குனிந்தாள். வயிறு டிரம்மின் சுவரில் அழுந்தியது.

தண்ணீர் இதமான சூட்டில் இருந்தது. ஹீட்டர் அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

விரல் ஹீட்டரைத் தொட்டது. பிறகு அது ஹீட்டர் இல்லை என்று தெரிந்தது. உருண்டை. வழவழப்பு. மூடியிருந்தது. அவள் கைக்குள் அது அடங்கியது.

அப்போது அவள் வயிற்றுக்குள் முதன்முதலாகக் குழந்தை அசைந்தது.

அந்த அசைவுக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள். அக்கா சொல்லியிருந்தாள், பட்டாம்பூச்சி சிறகடிக்கிற மாதிரி இருக்கும் என்று. இது அப்படி இல்லை. உள்ளே இருந்தது முழுசாகப் புரண்டு, டிரம் இருந்த பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது. கையில் இருந்த உருண்டை லேசாக விரிந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக எதுவோ அவள் உள்ளங்கையைத் தடவிக்கொண்டு வெளியேறியது. அவள் கையை உருவிக்கொண்டு தரையில் விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உதட்டில் உப்புக் கரித்தது. தெறித்த தண்ணீரை எப்போது விழுங்கினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து பொருக்கு படியவில்லை.

ராஜராஜன் டார்ச் அடித்துப் பார்த்தான். டிரம்மின் சுவர் புதிதாக வாங்கியது போல இருந்தது. ஹீட்டர் கண்ணாடி பளபளத்தது, மோட்டாரின் வாயில் ஒரு துளி வெள்ளைகூட இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் பார்த்துவிட்டு, உப்பு கம்பெனிக்காரன் சரக்கைச் சரிசெய்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டான். அடுத்துப் போட்ட முட்டைகள் நன்றாகப் பொரித்தன. அவன் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். ஊசிமுனை போன்ற குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நீந்திக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. சுத்தமான டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டாரிலும் ஹீட்டரிலும் இடம் தேடிக்கொண்டிருந்தது தேடுவதை நிறுத்திவிட்டது. இடம் கிடைக்காமல் யாரும் தேடுவதை நிறுத்த மாட்டார்கள்.

அன்று சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் பெரம்பலூர் போனார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொன்ன டாக்டரம்மா, கருவியை ஒரே இடத்தில் வைத்து மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"நச்சுக்கொடியில சுண்ணாம்பு படிஞ்ச மாதிரி இருக்கு. கடைசி மாசத்துல சில பேருக்கு வரும், உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துருக்கு. பயப்பட வேணாம், பாத்துக்கலாம்."

சுண்ணாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஜெயசுதா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் தடவிய பசை புடவையில் ஒழுகியது. அதைக் கரைக்க மருந்து இருக்கிறதா, இருந்தால் இப்போதே கொடுங்கள், எவ்வளவு கசப்பாக இருந்தாலும் குடிக்கிறேன் என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்து, நன்றாகச் சாப்பிடச் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் பாலைத் தொடவில்லை. மோர், கேப்பைக் கூழ், முருங்கைக்கீரை எதுவும் தொடவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அடுப்படி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். எலுமிச்சம்பழச் சாற்றை உப்பு சர்க்கரை இல்லாமல் டம்ளர் டம்ளராகக் குடித்தாள், புளியைக் கரைத்துக் குடித்தாள். பங்குனி வெயிலில் ஒரு நாள் ராஜராஜன் பின்பக்கம் வந்தபோது, மோட்டார் கழுவுகிற வினிகர் பாட்டிலை அவள் வாயில் சாய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் பாய்ந்து பிடுங்கினான். அப்போது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நம்பவில்லை. ஆனால் நம்பாவிட்டாலும் அன்று மாலையே டிரம்மைக் கவிழ்த்தான், மிஞ்சியிருந்த டேங்கர் தண்ணீரைத் திறந்துவிட்டான், தொட்டி மீன்களைப் பாதி விலைக்குத் திருச்சிக் கடைக்காரனுக்குக் கொடுத்தான், அந்த அறைக்குப் பூட்டுப் போட்டான். பிறகு அவளைப் பெரம்பலூரில் இருக்கும் அவளுடைய அக்கா மலர்கொடி வீட்டில் கொண்டுவந்து விட்டான். போகும்போது தெருமுனையில் நின்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள்.

மலர்கொடி வீட்டில் கடல் இல்லை, டிரம் இல்லை, உப்பு அடுப்படி டப்பாவில் மட்டும் இருந்தது. பள்ளிக்கூட பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் தெரு. பக்கத்து வீட்டில் காலையிலிருந்து தையல் மிஷின் ஓடும். மலர்கொடி பேசிக்கொண்டே இருப்பாள். சில நாட்கள் ஜெயசுதாவுக்கு எல்லாம் கெட்ட கனவு என்றே தோன்றியது. பிறகு ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது கடைவாய்ப் பல் ஒன்று பிரஷ்ஷோடு வந்தது. ரத்தம்கூட வரவில்லை. கையில் வைத்துப் பார்த்தாள். நகத்தால் அழுத்தினால் நகம் பதிந்தது, காய்ந்த சோறு மாதிரி பொடிந்தது. கெண்டைக்கால் ராத்திரியும் பகலும் முறுக்கி இழுத்தது. குனிந்து ஒரு சொம்பை எடுத்தபோது விலாவில் ஏதோ முறிந்தது போல் வலித்தது.

அந்தக் குழித் தண்ணீரில் ஏன் சுண்ணாம்பே இல்லை என்பது அவளுக்குக் குளியலறையில் நின்றுகொண்டிருந்தபோது விளங்கியது. இருந்ததையெல்லாம் அது எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது அவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அவளிடம் தீர்ந்துபோனால்?

உள்ளே இருக்கும் குழந்தைக்கு எலும்பு முளைக்கிற மாதம்.

அவள் கதவைத் தாழிட்டாள். வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வெளியே அக்காவுக்குக் கேட்காமல், யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்தே பேசினாள்.

"எங்கிட்ட இருக்கறத எல்லாம் எடுத்துக்க. பல்லு, எலும்பு எல்லாத்தையும் எடுத்துக்க. எம் புள்ளைய மட்டும் விட்டுரு."

குழாயில் சொட்டிய தண்ணீர் சொட்டுவதை நிறுத்தியதுபோல் இருந்தது. உள்ளே ஒன்று அசைந்தது. வலப்பக்கம். பிறகு, அதே நொடியில், இடப்பக்கம் இன்னொன்று.

அன்று முதல் அவள் அதற்குத் தீனி போட்டாள்.

தூக்கிப்போட்ட மாத்திரைகளைத் திரும்ப வாங்கிவரச் சொல்லிக் கை நிறைய விழுங்கினாள். பால் குடித்தாள், கேப்பை தின்றாள், நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மென்றாள். வெற்றிலைக்கு என்று கடையில் விற்கும் சுண்ணாம்பு டப்பாவை வாங்கி ஒளித்துவைத்து, விரலால் வழித்து நாக்கில் தடவிக்கொண்டாள். நாக்கு வெந்தது. முட்டை ஓட்டைப் பொடித்துச் சோற்றில் பிசைந்தாள். இவ்வளவும் போதவில்லை. வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அவள் மற்றபடி வற்றிக்கொண்டே வந்தாள். சித்திரை கடந்து வைகாசி வெயில் ஏறிய ஒரு மத்தியானம், கொல்லைப்புறம் துணி காயப்போட வந்த மலர்கொடி, தங்கை சுவரோடு சுவராக ஒட்டி நிற்பதைப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவரில் ஆள் உயரத்துக்கு நகம் கிழித்த கோடுகள். செங்கல் தெரிந்தது. ஜெயசுதாவின் விரல் நுனியெல்லாம் கிழிந்து, வாயோரம் வெள்ளையாக இருந்தது.

"மசக்கையில நான்கூட சாம்பல் தின்னுருக்கேன்டி" என்று மலர்கொடி சிரிக்கப் பார்த்தாள். தங்கையின் கண்ணைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மெல்ல அருகில் வந்து தோளைத் தொட்டாள். வயிற்றில் கை வைத்தாள். கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

"என்னடி இது, இப்படிக் கல்லு மாதிரி இருக்கு?"

மலர்கொடி ராஜராஜனுக்குப் போன் செய்தாள். அவன் வந்து சேர்ந்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

உச்சி வெயில். வெளி நோயாளிகள் போய்விட்டிருந்தார்கள். வராந்தாவில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ராஜராஜனும் மலர்கொடியும் வாசலோடு நிறுத்தப்பட்டு, வராந்தாவின் மறுகோடியில் இருந்த பெஞ்சுக்கு அனுப்பப்பட்டார்கள். தனம் என்ற நர்ஸ் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஜெயசுதாவைப் பிடித்துக் கட்டிலில் ஏற்றினாள். ஏற்றும்போது, "ஒத்தப் புள்ளதானம்மா?" என்று கேட்டாள். ஏசியின் குளிர். பினாயில் வாடை. வயிற்றில் பசை பட்டபோது சில்லென்று இருந்தது. டாக்டரம்மா கருவியை வைத்தார்.

வைத்து, எடுத்து, துடைத்து, மறுபடியும் வைத்தார்.

திரையில் வெள்ளையாக ஒரு கோடு. வளைந்து போனது. கருவியை நகர்த்த நகர்த்தக் கோடும் போய்க்கொண்டே இருந்தது. சுற்றி வந்து தன்னோடு சேர்ந்துகொண்டது. முழு வட்டம். அதற்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு. வெறும் கறுப்பு.

"டாக்டர், எம் புள்ள எங்க?"

டாக்டரம்மா ஒரு பொத்தானை அழுத்தினார். இதயத் துடிப்பு அறையை நிறைத்தது. வேகமாக, சீராக, ஓடி வருகிற குதிரையின் குளம்படி போல. அதைக் கேட்டதும் ஜெயசுதா அழுதுவிட்டாள். இருக்கிறது. இன்னும் இருக்கிறது. தன் எலும்பெல்லாம் போனாலும் போகட்டும், அது இருக்கிறது. டாக்டரம்மாவின் முகத்தில் மட்டும் அந்த நிம்மதி வரவில்லை. அவர் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது ஒண்ணுதானா?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். கருவியை ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தார்.

வேகமான துடிப்பு மங்கியது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம். நிதானமானது. மிக நிதானமானது. ஒரு முறை இழுத்துவிட்டு, வெகுநேரம் காத்திருந்து, மறுமுறை இழுத்தது. மணலில் ஏறி, மணலில் இறங்குகிற சத்தம்.

டக்.

மூவரும் நிமிர்ந்தார்கள்.

டக். டக்.

"யாரோ கதவத் தட்டுறாங்க" என்றார் டாக்டரம்மா. குரல் வறண்டிருந்தது. "அப்பறம் வரச் சொல்லு தனம்."

தனம் போய்க் கதவைத் திறந்தாள். வராந்தாவின் வெளிச்சம் ஒரு பட்டையாகத் தரையில் விழுந்தது. வாசலில் யாரும் இல்லை. தூரத்தில், பெஞ்சில், ராஜராஜன் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். மலர்கொடி அவன் பக்கத்தில் இருந்தாள். இருவரும் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கதவு திறந்தே இருந்தது. தனத்தின் கை கைப்பிடியில் இருந்தது.

டக்.

இந்த முறை யாரும் கதவைப் பார்க்கவில்லை.

ஜெயசுதாவின் வயிற்றில் தடவியிருந்த பசை நடுங்கி அடங்கியது. டாக்டரம்மாவின் கை கருவியோடு அங்கேயே உறைந்திருந்தது. ஜெயசுதா தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். வேகமான துடிப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. முன்னைவிட வேகமாக. பயந்துபோனது போல.

டக்.

வெள்ளை வட்டத்தின் மேல்பக்கம், மயிரிழை அளவுக்கு, கறுப்பாக ஒரு கீறல். அது அகன்றுகொண்டிருந்தது. உள்ளேயிருந்து அதன் ஓரத்தைப் பற்றிக்கொண்டு ஒரு விரல் வெளியே வந்தது. குழந்தையின் விரல் அவ்வளவு நீளமாக இருக்காது.